யாழ்ப்பாணத்து வயலினும் மேலைநாட்டுக் கிற்றாரும்

நேயர்களே, முத்தமிழ் என்று சொல்லிவிட்டு இயலை மட்டும் பேசிக்கொண்டிருப்பது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. தமிழாசிரியன் ஒருவன் இசை பற்றிப் பேச வந்தால், இவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பாரும் உளர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இசை வரலாற்றிலே ஒரு சிறு பகுதி. இராக ஆலாபனையிலும் மனோதர்மத்திலும் ஊறிய கலைஞர்கள் பிறநாட்டு இசையோடு கலந்து வாசிக்க முற்பட்டபோது என்ன நடந்தது என்பதே பொருள். அந்த வரலாற்றின் ஒரு முக்கியமான இழை யாழ்ப்பாணத்திலிருந்து போயிருக்கின்றது. ஆதலால் நமக்கும் அதிலே ஒரு பாத்தியதை உண்டு.

கருநாடக இசையரங்கிலே வயலின் இல்லாத கச்சேரியை இன்று காண்பது அரிது. ஆனால் அது நம்முடைய கருவியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் (1786 - 1858) சென்னையிலே ஐரோப்பியரிடம் அதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதனைத் திருவாங்கூர் அரசவைக்குக் கொண்டு சென்றார். சுவாதித் திருநாள் மகாராசா அவருக்குத் தந்தத்தால் இழைத்த வயலினைப் பரிசளித்த ஆண்டு 1834.

அந்தக் கருவி இங்கு வந்தபின் அடைந்த மாற்றத்தைக் கவனியுங்கள். மேலைநாட்டான் நின்றுகொண்டு, நாடிக்கும் தோளுக்கும் இடையிலே இடுக்கி வாசித்த கருவி, இங்கே தரையிலே சம்மணமிட்டு அமர்ந்தது. அதன் தலை வாசிப்பவரின் வலது பாதத்தில் ஊன்றியது. இது வெறும் இருக்கை மாற்றம் அன்று. கருவி அசையாமல் ஊன்றிக்கொண்டதனால், அதைத் தாங்கவேண்டிய பொறுப்பிலிருந்து இடக்கை விடுபட்டது. விரல்கள் தந்தியின் நீளம் முழுவதும் வழுக்கிச் செல்ல வழி பிறந்தது. அந்த வழுக்கல் இல்லாமல் கமகம் இல்லை. கமகம் இல்லாமல் தோடி இல்லை. தந்திகளும் ச-ப-ச-ப என்று புதிதாகச் சுருதி கூட்டப்பட்டன. மரமும் தந்தியும் வில்லும் பிறநாட்டவை. இருந்த இருப்பும் பேசிய பேச்சும் நம்முடையவை.

தொல்காப்பியத்தை மாணவருக்குக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வயலின் நினைவுக்கு வருவதுண்டு. வடசொல் தமிழ்ச் செய்யுளுக்குள் வரலாம். ஆனால் தன் எழுத்தை விட்டுத் தமிழுக்குரிய எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்கின்றது எச்சவியல். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. திறந்து போட்டுவிட்டுப் போகவும் சொல்லவில்லை. வருபவர் எதை வாசலிலே கழற்றி வைக்கிறார் என்று பார்க்கச் சொல்கின்றது. இசைக்கலப்பை அளக்கவும் இதனைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அதே தீட்சிதர் வீட்டிலே இதற்கு எதிரான முயற்சியும் நடந்தது. ஆங்கிலேயரின் படை வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுக்களைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டு சுவர சாகித்தியங்கள் எனப்படுபவை அவை. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டிலேகூட ஒன்று உண்டு. அங்கே கமகத்தைக் கழற்றி வைத்தவர் நம்மவர். சிறுவர்க்குச் சுவரம் பழக்க இன்றும் அவை பயன்படுகின்றன. ஆயினும் அவை எழுதி முடிக்கப்பட்ட உருப்படிகள். மனோதர்மம் என்பது வேறு. ஆலாபனை, நிரவல், கற்பனாசுவரம் என்று மேடையிலே அந்த நிமிடத்தில் பிறப்பது அது. எழுதி வைத்ததைக் கலப்பது எளிது; பிறந்துகொண்டிருப்பதைக் கலப்பது எப்படி? இந்தக் கேள்வி உலக அரங்கில் உரத்து எழுவதற்கு மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் வரை சென்றன.

1952 இல் இந்தியாவுக்கு வந்த வயலின் மேதை யெஹூதி மெனுஹின், சிதார்க் கலைஞர் ரவிசங்கரின் வாசிப்பிலே மனம் பறிகொடுத்தார். 1966 இல் இங்கிலாந்தின் பாத் நகர இசைவிழாவில் இருவரும் சேர்ந்து வாசித்தனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த இசைத்தட்டு கிரமி விருதும் பெற்றது. ஆயினும் உற்றுக் கேட்டால் ஒன்று புலப்படும். ரவிசங்கர் கற்பனையாக வாசித்தார். மெனுஹின் தமக்கென எழுதித் தரப்பட்டதை வாசித்தார். மேலைநாட்டுச் செவ்வியல் இசையில் வளர்ந்தவருக்கு, தாளில் இல்லாததை மேடையில் உண்டாக்கும் பழக்கம் இல்லை. தம் எல்லையை அறிந்து பணிவோடு வாசித்த அப் பெரியாரிடத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அது இரு மனோதர்மங்களின் சந்திப்பு ஆகாது.

அப்படியானால் மேலைத்தேயத்தில் மனோதர்மம் எங்கே வாழ்ந்தது? அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையிலே வாழ்ந்தது. ஆனால் அங்கேயும் ஒரு தடை இருந்தது. மேலை இசையிலே பல சுவரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கச் செய்வர். அந்த அடுக்கு நொடிக்கு நொடி மாறிக்கொண்டே போகும். நம்முடைய இராகமோ அசையாத தம்பூராச் சுருதியின்மேல் எழுவது. அடித்தளம் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கிரகபேதம் அறிந்தவர்கள் உடனே உணர்வர். சங்கராபரணத்தின் மத்திமத்தைச் சட்சமாக வைத்துக் கேட்டால் அதே சுவரங்கள் கல்யாணியாகிவிடும். பின்னணியிலே சுவர அடுக்கு மாறுந்தோறும் கேட்பவன் காதிலே சட்சம் இடம் மாறினால், பாடகர் எந்த இராகத்தைப் பாடுகிறார் என்பது அவருக்கே தெரியாமற் போகலாம். கலப்பிசை என்ற பெயரில் வரும் பலவற்றில் இராகம் நீர்த்துப்போவதற்கு இதுவே முதற் காரணம். கலைஞரின் திறமைக் குறைவு அதற்குப் பின்னால்தான்.

1959 இல் மைல்ஸ் டேவிஸ் என்ற எக்காளக் கலைஞர் வெளியிட்ட ‘கைன்ட் ஒவ் புளூ’ என்ற இசைத்தட்டு இந்தத் தடையைத் தளர்த்தியது. அடுக்குகளை அடிக்கடி மாற்றாமல், ஒரே சுவர வரிசையிலே நெடுநேரம் நின்று கற்பனை செய்யும் முறையை அது பரப்பியது. அதிலே சக்சபோன் வாசித்த ஜோன் கொல்ட்ரேன், 1961 இல் ‘இந்தியா’ என்றே பெயரிட்டு ஒன்றை வாசித்தார்; 1965 இல் பிறந்த தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார். ஜாஸ் தன் அடித்தளத்தை அசையாது நிறுத்தப் பழகியதும், இராகம் வந்து அமர ஒரு திண்ணை கிடைத்தது.

இனி நம்மூர்க் கதை. வி. லட்சுமிநாராயணா என்ற வயலின் வித்துவான் யாழ்ப்பாணத்திலே குடும்பத்தோடு வாழ்ந்து இசை கற்பித்து வந்தார். பக்கவாத்தியமாக ஒதுங்கியிருந்த வயலினைத் தனிக்கருவியாக உலக மேடையில் ஏற்றவேண்டும் என்பது அவருடைய கனவு. எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்ற மூன்று புதல்வரும் அவரிடமே கற்றனர். 1947 இலும் 1950 இலும் சென்னையிற் பிறந்த சுப்பிரமணியமும் சங்கரும் ஓடி விளையாடிய மண் நம்முடையது. சுப்பிரமணியம் ஆறு வயதிலே மேடையேறினார். சங்கர் ஏழு வயதில், இலங்கையிலே கோயிலொன்றில் முதன்முதலாக வாசித்தார்.

பிறகு 1958 வந்தது. அவ்வாண்டின் இனக்கலவரத்தை அடுத்து அந்தக் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. கலவரங்களிலே எரிந்த வீடுகளுக்கும் மாண்ட உயிர்களுக்கும் கணக்கு உண்டு. விட்டுப்போன ஆசிரியருக்கும் அவரிடம் கற்றிருக்கக்கூடிய பிள்ளைகளுக்கும் கணக்கு எழுதுவார் இல்லை. அவர் இங்கேயே இருந்திருந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு வயலின் பரம்பரை கிளைத்திருக்கும் என்று நினைப்பது வீண் கற்பனை ஆகாது. சென்னையிலே மூன்று சகோதரரும் சேர்ந்து வாசித்துப் புகழடைந்தனர். மூத்தவர் திரையிசைப் பக்கம் சென்றார். ‘ஏழாவது மனிதன்’ திரைப்படத்திலே பாரதி பாடல்களுக்கு அவர் இட்ட இசையைத் தமிழர் மறக்கமாட்டார்கள். 2007 இல் அவர் மறைந்தார்.

இளையவராகிய சங்கர் 1969 இல் அமெரிக்கா சென்று, வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே ஆய்வு மாணவரானார். அந்தப் பல்கலைக்கழகத்திலே நம் இசைக்கு ஒரு தனி இடம் இருந்தது. டாக்டர் எஸ். இராமநாதன் அங்கே கற்பித்தார். சிலப்பதிகாரத்து இசை பற்றிய தமது ஆய்வுக்கு அங்கேயே பட்டமும் பெற்றார். அவரிடம் வீணை கற்க வந்தவர்களுள் ஒருவர் ஜோன் மக்லோக்லின் என்ற ஆங்கிலேயர். அரங்கேற்று காதையின் ஆய்வாளர் ஒருவர் ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞருக்கு வீணைக் கமகம் சொல்லிக்கொடுத்தார் என்பது தமிழாசிரியனாகிய எனக்கு உவப்பான செய்தி.

மக்லோக்லின் 1942 இல் யோக்ஷயரிலே பிறந்தவர். மைல்ஸ் டேவிஸோடு வாசித்துப் பெயர் பெற்றவர். 1971 இல் ‘மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா’ என்ற மின்கருவிக் குழுவை அமைத்தார். காதைச் செவிடாக்கும் அந்தப் பேரொலிக்குப் பெருங்கூட்டமும் பெரும்பணமும் சேர்ந்தன. அப்படியிருக்க, சங்கரைச் சந்தித்தபின் அவர் செய்ததுதான் வியப்பு. மின் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, மரக் கிற்றாரோடு தரையிலே சம்மணமிட்டு அமர்ந்தார். 1975 இல் ‘சக்தி’ என்ற குழு உருவாயிற்று. வயலின் சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபேலா ஸாகிர் ஹுஸைன். தொடக்கத்தில் மிருதங்கத்துக்கு இராமநாதபுரம் இராகவனும் உடனிருந்தார். 1975 ஜூலை 5 ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்துச் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியிலே அவர்கள் வாசித்ததே முதல் இசைத்தட்டாக 1976 இல் வெளியாயிற்று.

கிற்றாரிலே ஒரு தொல்லை உண்டு. அதன் கழுத்திலே மெட்டுக்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு மெட்டிலிருந்து மறு மெட்டுக்குப் படி ஏறுவதுபோலத்தான் சுவரம் மாறும். வீணையிலும் மெட்டுக்கள் உண்டு. ஆனால் அவை மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியை இழுத்தும் அழுத்தியும் கமகம் எழுப்ப இடம் இருக்கின்றது. மக்லோக்லின் ஆப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞரைக் கொண்டு, மெட்டுக்களுக்கு இடையே மரத்தைக் குழிவாகக் குடைந்த கிற்றாரைச் செய்வித்தார். ஒலித்துளையின் குறுக்கே, சிதாரில் உள்ளதுபோல் அனுரணனத்துக்கு ஏழு தந்திகள் வேறு. பாலுசாமி தீட்சிதர் காலத்திலே வயலின் தரையில் அமர்ந்தது எதுவோ, 1970 களில் கிற்றாரின் மரம் குடையப்பட்டதும் அதுவே. எழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது அந்தக் கருவி.

குழுவினுள்ளே இன்னொரு கலப்பும் நடந்தது; மேலைநாட்டவர் பலர் அதைக் கவனிப்பதில்லை. தபேலா வடக்கின் பஞ்சாப் மரபைச் சேர்ந்தது. கடம் தெற்கின் மண்பானை. தாள அமைப்பும் சொற்கட்டும் கணக்கு வழக்கும் வேறு வேறு. கிற்றாரோடு வயலின் சேர்வதிலும் பார்க்கத் தபேலாவோடு கடம் சேர்வது எளிதென்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அடுத்து வந்த ‘ஏ ஹான்ட்ஃபுல் ஒவ் பியூட்டி’ என்ற தட்டிலே ஓர் உருப்படி வாயாற் சொல்லும் கொன்னக்கோல் சொற்கட்டோடு தொடங்குகின்றது. கச்சேரியின் எலும்புக்கூடு அப்படியே இருந்தது: சேர்ந்து வாசிக்கும் பல்லவி போன்ற பகுதி, ஆளுக்கொரு கற்பனை, மாறிமாறிக் கேள்வி பதில், தனியாவர்த்தனம், இறுதியில் எல்லோரும் வந்து முட்டும் கோர்வை. ஜாஸுக்கும் இந்த அமைப்பு அந்நியமன்று. அதனாலேதான் இரண்டும் பொருந்தின.

இதை நான் முதலிற் கேட்டது 1990 களின் தொடக்கத்தில், பாடசாலை மாணவனாக இருந்தபோது. குடாநாட்டிலே மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின்சாரம் எடுத்த கதையை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அயலிலே ஒரு அண்ணர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒலிநாடா அது. சுற்றுபவனின் கை களைத்தால் சுருதி இறங்கும்; ஆள் மாறினால் மறுபடி ஏறும். எங்கள் ஒழுங்கையிலே குடியிருந்த முதிய தவிற்கலைஞர் ஒருவர் வந்து படலையடியில் நின்று, விரலை மடித்து மடித்துக் கேட்டார். முடிவு வந்ததும், “உது எங்கட கோர்வை தான் தம்பி. வெள்ளைக்காரன் கணக்கைப் பிழைக்க விடேல்லை” என்றார். திருவிழாக் காலங்களிலே விடிய விடிய மேளச் சமா கேட்டு, தட்சணாமூர்த்தியின் தவிலிலே பழகிய காதுகளுக்கு, லயத்திலே நடக்கும் கேள்வி பதில் புதிதல்லவே.

குறைகளையும் சொல்லவேண்டும். சக்தி குழுவின் வாசிப்பிலே வேகம் அதிகம். ஒரு சுவரத்தைத் தொட்டு, அதனைச் சுற்றிச் சுற்றி வந்து, இராகத்தின் முகத்தை மெல்ல மெல்லத் திறக்கும் நிதானமான ஆலாபனைக்கு அங்கே இடம் குறுகிவிட்டது. தாளம் ஊர் தாண்டிப் போவது எளிது. இராகத்தின் நுண்மை அத்தனை எளிதாகக் கடல் கடப்பதில்லை. அதைவிடப் பெரிய குறை சாகித்தியம் அற்றுப்போனமை. நிரவல் என்பது சொற்களின் பொருளைச் சுவரத்தாலே விரித்துக் காட்டுவது. சொல் போனால் நிரவலும் போகும். கருவியிசைதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் நம்நாட்டு வயலின் வித்துவான் கீர்த்தனையை வாசிக்கும்போது சொற்களை மனத்துள்ளே பாடிக்கொண்டு, பதம் பிரியும் இடத்திலே வில்லைத் திருப்புகின்றார். கேட்பவருக்கும் பாட்டுத் தெரியும். அந்த உறவு சக்தியில் இல்லை. மக்லோக்லின் பேரொலியையும் பெரும்பணத்தையும் விட்டார். நம்மவர் சொல்லை விட்டனர். எது பெரிய இழப்பு என்று என்னைக் கேட்டால், தமிழாசிரியன் வேறு எதைச் சொல்வான்?

ஆனாலும், இதைத் தீட்டு என்று ஒதுக்கும் பண்டிதர் சிலரோடு என்னால் உடன்பட முடியவில்லை. வயலினைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாடுபவர் தீட்டைப்பற்றிப் பேசுவது எங்ஙனம்? மறுபுறத்திலே, ஒரு தாளப் பெட்டியை இயக்கிவிட்டு அதன்மேல் இரண்டு வரி ஆலாபனையைத் தூவிக் கலப்பிசை என்று விற்பவரோடும் உடன்பட முடியவில்லை. அங்கே யாரும் எதையும் கழற்றவில்லை. அருகருகே இருக்கிறார்கள், அவ்வளவே.

சக்தி 1978 அளவிலே கலைந்தது. அதன்பின் சங்கர், கென் பார்க்கர் என்பவரைக் கொண்டு இரட்டைக் கழுத்தும் பத்துத் தந்தியும் உடைய வயலினைச் செய்வித்தார். மேலைநாட்டு வில்லிசைக் கருவிக் குடும்பத்தின் மிகத் தாழ்ந்த ஒலியிலிருந்து வயலினின் உச்ச ஒலிவரை ஒருவரே வாசிக்கலாம். எழுதி வைத்த அடுக்கு எதுவும் இல்லாமலே, கனத்த அடித்தளத்தை இராகத்துக்கு அவர் தாமே அமைத்துக்கொண்டார் என்பதே இதன் சிறப்பு. அவர் தமையன் சுப்பிரமணியம் வைத்தியக் கல்வியை முடித்துவிட்டு இசைக்கே திரும்பியவர். 1984 இல் பிரான்சிய ஜாஸ் வயலின் முதுகலைஞர் ஸ்டெஃபான் கிரப்பெல்லியோடு வாசித்தார். 1985 இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் குழுவோடு, சுபின் மேத்தாவின் நெறியாள்கையில் தம் படைப்பை அரங்கேற்றினார். தந்தையின் நினைவாக 1992 இல் ஓர் இசைவிழாவையும் தொடங்கினார். 2025 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருதை அறிவித்தது.

மறுதிசையிலே வந்தவரும் உண்டு. சார்லி மரியானோ என்ற அமெரிக்கச் சக்சபோன் கலைஞர் மலேசியாவிலே நாதசுவரத்தைக் கேட்டு மயங்கி, தென்னிந்தியாவுக்கு வந்து அதனைக் கற்றார். சீவாளியைக் கடித்து மூச்சடக்கப் பழகிய வெள்ளையர் அவர். மண்டலின் ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளைக் களைந்து ஐந்து ஒற்றைத் தந்திகளை இட்டு, மின் மண்டலினைக் கருநாடக மேடைக்கு உரியதாக்கினார். பின்னாளிலே மக்லோக்லின் மீண்டும் குழு அமைத்தபோது அவரும் சேர்ந்தார். விக்குவின் மகன் செல்வகணேஷ் தந்தையின் இடத்துக்கு வந்தார். ஸ்ரீநிவாஸ் 2014 இலே இளவயதில் மறைந்தது பேரிழப்பு. ஐம்பதாண்டை ஒட்டி வெளிவந்த ‘திஸ் மோமென்ட்’ என்ற தட்டு 2024 இல் கிரமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரிலே ஸாகிர் ஹுஸைனும் காலமானார்.

1975 ஜூலைப் பதிவு இன்றும் கிடைக்கின்றது. கேட்க விரும்பும் நேயர்கள், முதல் உருப்படியின் வேகத்தைக் கண்டு மிரளவேண்டாம். வயலினும் கிற்றாரும் மாறிமாறி வாசிக்கும் இடத்துக்குக் காத்திருங்கள். ஒருவர் விட்டதை மற்றவர் எடுக்க, அளவு பாதியாகி, பாதியிலும் பாதியாகிக் குறைந்துகொண்டே வரும். விரலை மடித்து எண்ணிக்கொண்டு கேளுங்கள். சங்கருக்கு அப்போது வயது இருபத்தைந்து. யாழ்ப்பாணத்தை விட்டுப் பதினேழு ஆண்டுகள்.